அப்பாவுக்குக் கிரியாட்டினின் 2.5. மீன் கொடுக்கலாமா?

தூத்துக்குடியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது, பல வருடச் சர்க்கரை, இப்போது சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 2.5, இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) 28, பொட்டாசியம் 5.3, பாஸ்பரஸ் 4.4. டயாலிசிஸ் இன்னும் இல்லை. "அசைவத்தைக் குறைங்க" என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் மீனை அடியோடு நிறுத்திவிட்டார்கள். மூன்று மாதமாக அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. 64 கிலோ இருந்தவர் 60-க்கு வந்துவிட்டார். மீன் கொடுக்கலாமா, எந்த மீன், எவ்வளவு என்பது கேள்வி.

கொடுக்கலாம். அளந்து கொடுக்க வேண்டும், அவருக்கென்று தனியாகச் சமைக்க வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்குச் சாப்பாட்டுக் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. நான் பார்த்தவரை மீன் துண்டால் கெட்டவர்கள் குறைவு. அந்தத் துண்டு கிடந்த குழம்பால், அதில் விழுந்த உப்பால், பக்கத்தில் வைத்த கருவாட்டால் கால் வீங்கி வந்தவர்கள்தான் அதிகம்.

முதலில் எடையைச் சொல்கிறேன், உங்கள் கேள்வியில் என்னைக் கவலைப்படுத்துவது அதுதான். மூன்று மாதத்தில் 4 கிலோ போயிருக்கிறது. கால் வீக்கம் வடிந்து குறைந்த எடையா, சதை கரைந்து குறைந்த எடையா என்று டாக்டரிடம் கேளுங்கள். சதை கரைந்திருந்தால் அது நல்ல செய்தி இல்லை. இந்த நிலையில் வயிறு நிறையச் சாப்பிடாதவருக்கு உடம்பு தன் தசையையே எரித்துக்கொள்ளும். அந்தக் கழிவும் அதே சிறுநீரகத்துக்குத்தான் போகிறது. அதனால் புரதத்தைக் குறைப்பது என்றால், மொத்தச் சாப்பாடு குறையாமல் புரதத்தை மட்டும் அளவுக்குள் வைப்பது. அரிசி, எண்ணெய், காய் இவற்றிலிருந்து தேவையான சக்தி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு புரதம்? அமெரிக்கத் தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2020 வழிகாட்டி, சர்க்கரையும் சேர்ந்திருக்கும் இந்த நிலைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 0.6 முதல் 0.8 கிராம் என்கிறது. உலக அளவில் பின்பற்றப்படும் கேடிகோ வழிகாட்டி 2024-இல் 0.8 என்று வைத்தது. 60 கிலோவுக்கு 36 முதல் 48 கிராம் வரை வருகிறது. இளைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு நான் கீழ் எல்லையைப் பிடித்துத் தொங்கமாட்டேன், 45 என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது அவர் தட்டைப் பார்க்கலாம். காலையில் 3 இட்லி, சட்னி: 7 கிராம். மதியம் 100 கிராம் அரிசியில் வடித்த சோறு: 7 அல்லது 8. காய்கறி இரண்டு வேளைக்கும் சேர்த்து 4 அல்லது 5. இரவு 2 சப்பாத்தி: 7. நாள் முழுக்க டீயில் போகும் பால் 150 மில்லி: 5. கூட்டினால் 31, 32 வருகிறது. மீதி 13 கிராம். மீனில், பெரும்பாலான வகைகளில், 100 கிராம் பச்சைச் சதையில் 18 முதல் 22 கிராம் புரதம். ஆக, முள் நீக்கிய சதையாக 65, 70 கிராம் அவருக்குப் போதும். விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கையை மட்டும் பாருங்கள், அந்த அகலத்தில் அரை அங்குலக் கனமான துண்டு. சமையல் தராசு 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். கண்ணளவு இரண்டு வாரத்தில் பழகிவிடும், அதுவரை தராசு.

இந்தக் கணக்கில் பருப்பும் முட்டையும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மீன் வைக்கிற நாளில் சாம்பார், சுண்டல், முட்டை, தயிர் எதுவும் கூடச் சேரக்கூடாது. மீன் இல்லாத நாளில் அந்த 13 கிராமை ஒரு முட்டையும் கொஞ்சம் பருப்பும் எடுத்துக்கொள்ளும். நம் வீடுகளில் நடப்பது வேறு: மீன் குழம்பு, மீன் வறுவல், "உடம்புக்குத் தெம்பு" என்று ஓர் அவித்த முட்டை, கடைசியில் தயிர்சாதம். ஒரே வேளையில் 50 கிராம் தாண்டிவிடும். பிறகு பழி மீன் மேல் விழுகிறது.

வாரத்துக்கு 2, 3 நாள் வைக்கலாம். 2023-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 12 நாடுகளின் 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. மீனிலிருந்து வரும் ஒமேகா-3 கொழுப்பு ரத்தத்தில் அதிகம் இருந்தவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் புதிதாக வருவது 8 முதல் 13 சதவீதம் குறைவாக இருந்தது. செடிகளிலிருந்து வரும் ஒமேகா-3-இல் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆனால் இதெல்லாம் நோய் வராதவர்களைத் தொடர்ந்து பார்த்த கணக்கு. உங்கள் அப்பாவின் கிரியாட்டினினை மீன் இறக்கிவிடும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். மீன் எண்ணெய் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

சரி, குழம்புக்கு வருவோம். ஐந்து பேர் வீட்டில் ஒரு சட்டி மீன் குழம்புக்கு 4 டீஸ்பூன் உப்பு சாதாரணமாக விழும். 20 கிராம். ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 4 கிராம். அவருக்கு ஒரு நாள் முழுவதற்கும் உள்ள எல்லை 5 கிராம் உப்பு, அதாவது 2 கிராம் சோடியம். மதியக் குழம்பிலேயே நாளின் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. இட்லி மாவில் இருக்கிற உப்பு, சட்னி உப்பு, இரவுச் சாப்பாடு எல்லாம் மேல்மிச்சம். ரத்த அழுத்தம் ஏன் இறங்கவில்லை, மாத்திரையை ஏன் கூட்டினார்கள் என்று கேட்கும் வீடுகளில் நான் முதலில் எட்டிப் பார்ப்பது இந்தச் சட்டியைத்தான்.

அதிலும் முதல்நாள் குழம்பை மறுநாள் சுட வைத்துச் சாப்பிடும் ருசி நம் எல்லோருக்கும் தெரியும். ராத்திரி முழுக்க மீன் துண்டுக்குள் உப்பும் புளியும் இறங்கியிருக்கும், திரும்பக் கொதிக்க வைக்கும்போது தண்ணீர் வற்றி இன்னும் இறுகும். அந்த ருசிக்கு உப்பும் ஒரு காரணம். அப்பாவுக்கு அது வேண்டாம்.

புளியைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். "புளியில் பொட்டாசியம், குழம்பே கூடாது" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எலுமிச்சை அளவுப் புளி 30 கிராம் இருக்கும், அதில் பொட்டாசியம் 190 மில்லிகிராம் போல. அது ஐந்து பேருக்கு. அதே சட்டியில் 3 தக்காளி போட்டால் 600 மில்லிகிராம், அரை மூடித் தேங்காய் அரைத்தால் 350, 400. மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் தாராளமாகப் போட்டால் இன்னொரு 400. முருங்கைக்காயோ மாங்காயோ சேர்த்தால் அது தனி. புளியை விட்டுவிட்டுத் தக்காளியைக் கூட்டுகிற வீடுகள் தெரியாமல் எதிர்த்திசையில் போகின்றன. பொட்டாசியம் 5.3 என்று ஏறியிருப்பவருக்கு நான் சொல்வது: கொஞ்சம் புளி இருக்கட்டும், தக்காளி ஒன்றோடு நிற்கட்டும், தேங்காய்ப்பால் வேண்டாம், முருங்கைக்காய் வேண்டாம், குழம்பு ஒன்றரைக் கரண்டிக்கு மேல் வேண்டாம். சோற்றைக் குழம்பில் மிதக்க விட்டுப் பிசைகிற பழக்கம் இருந்தால் அதை மாற்றுவதுதான் கஷ்டம்.

கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் மீன் குழம்பில் புளிப்புக்குப் பிலிம்பிக்காய் போடுவார்கள். சிறுநீரகத்தில் படிகமாகப் படியும் ஆக்சலேட் அதில் மிக அதிகம். அதன் சாற்றைக் கொழுப்புக் குறையும் என்று குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உறவுக்காரர்கள் யாராவது அனுப்பினால் அவர் சட்டிக்கு அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் இனமான நட்சத்திரப்பழமும் அப்படித்தான், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மூளை வரை பாதிக்கும்.

அவருக்குத் தனியாகச் சமைப்பது பெரிய வேலை இல்லை. எல்லோருக்கும் சேர்த்துக் குழம்பைக் கூட்டுங்கள். உப்புப் போடும் முன் அவருக்கு ஒன்றரைக் கரண்டியைச் சின்னச் சட்டியில் எடுத்து, கால் டீஸ்பூனுக்கும் குறைவாக உப்புப் போட்டு, அவர் துண்டை அதில் வேகவிடுங்கள். உப்புக் குறைந்தால் நாக்கு தேடும், அதை ஏமாற்ற மிளகும் பூண்டும் சின்ன வெங்காயமும் வெந்தயமும் கறிவேப்பிலையும் இருக்கின்றன. இறக்கும்போது நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன். முதல் வாரம் முகம் சுளிப்பார். மூன்று நான்கு வாரத்தில் நாக்கு பழகிக்கொள்ளும், அதற்கப்புறம் ஓட்டல் சாப்பாடு கரிக்கிறது என்று அவரே சொல்வார்.

வறுவலுக்குக் கடையில் விற்கும் மீன் வறுவல் மசாலாவை வாங்காதீர்கள், அதிலேயே உப்பு இருக்கிறது. வீட்டு மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, பூண்டு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் முறுக விட்டால் போதும். இன்னும் நல்லது வாழையிலையில் சுற்றி வேகவைப்பது. மீனைக் கழுவும்போது கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசுவோமே, அது பரவாயில்லை, பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிடுங்கள். ஊற வைக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது புட்டு. துண்டுகளை நிறையத் தண்ணீரில் உப்பில்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சதையை உதிர்த்து, வெங்காயம் பூண்டோடு பிரட்டுவது. கொட்டுகிற தண்ணீரோடு பொட்டாசியமும் பாஸ்பரஸும் கொஞ்சம் போய்விடும். முள்ளும் தானாக ஒதுங்கிவிடும். 65 கிராம் மீனைத் துண்டாக வைத்தால் "இவ்வளவுதானா" என்பார், உதிர்த்து வெங்காயத்தோடு பிரட்டினால் தட்டில் நிறையத் தெரியும்.

எந்த மீன்? விளைமீன், சங்கரா, பாறை, ஊளி, கிழங்கான், கொடுவா, வவ்வால் எல்லாம் சரி. வஞ்சிரத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சிறுநீரகமும் கேட்கவில்லை. சாளையிலும் அயிலையிலும் ஒமேகா-3 அதிகம், விலையும் குறைவு. ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். யூரிக் ஆசிட் கூடியிருந்தால், கால் பெருவிரல் வீங்கி வலித்த கதை இருந்தால், சாளையும் அயிலையும் நெத்திலியும் அதைக் கிளப்பிவிடும். அப்புறம், நெத்திலியையும் பொடிச் சாளையையும் முள்ளோடு மென்று சாப்பிடுவது நம் வழக்கம். முள் என்பது கால்சியமும் பாஸ்பரஸும்தான். மற்றவர்களுக்கு நல்லது, இவருக்கு வேண்டாம். மீன் சினையிலும் பாஸ்பரஸ் அதிகம், சதையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கடல் மீன் உப்பு, அதனால் குளத்து மீன்தான் நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. கடலில் வாழ்ந்தாலும் மீன் தன் உடம்புக்குள் உப்பை ஏறவிடுவதில்லை. 100 கிராம் பச்சை மீனில் சோடியம் 100 மில்லிகிராமுக்குள்தான் பெரும்பாலும் இருக்கும். கட்லாவும் ரோகுவும் விராலும் பிடித்தால் சாப்பிடட்டும், கடல் மீனுக்குப் பயந்து போக வேண்டாம்.

சுறாவும் திருக்கையும் விதிவிலக்கு. கடலின் உப்பைச் சமாளிக்க அவை தங்கள் சதையிலேயே யூரியாவை வைத்திருக்கின்றன, 100 கிராமில் ஒன்றரை, இரண்டு கிராம் வரை. பழசானால் அம்மோனியா வாடை அடிப்பது அதனால்தான். யூரியாவைக் கழிக்க முடியாமல் திணறுகிற ஒருவருக்கு யூரியாவைத் தட்டில் வைப்பானேன்? பெரிய சுறாவில் பாதரசமும் சேர்ந்திருக்கும். தூத்துக்குடியில் சுறாப் புட்டு எப்படிப்பட்ட விஷயம் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அவருக்குப் பாறையிலோ கிழங்கானிலோ செய்து கொடுங்கள்.

இறால், கணவாய் நம் கரையில் பச்சையாக வாங்கினால் மீனைப் போலவே அளந்து கொடுக்கலாம். உறைய வைத்த பாக்கெட்டில் வருவது வேறு. எடை குறையாமல் இருக்கப் பாஸ்பேட் கரைசலில் முக்கி எடுப்பது அந்தத் தொழிலில் வழக்கம். மீனில் இயற்கையாக இருக்கும் பாஸ்பரஸில் பாதியளவுதான் உடம்பில் சேரும், இப்படிச் சேர்த்த பாஸ்பேட் 90 சதவீதத்துக்கு மேல் அப்படியே ஏறிவிடும். பாக்கெட்டின் பின்பக்கத்தில் பாலிபாஸ்பேட் என்றோ ஐ.என்.எஸ். 451, 452 என்றோ இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். நண்டு ரசம் உப்பும் திரவமுமாகப் போய்ச் சேரும், அதுவும் வேண்டாம்.

கருவாடு. இதற்கு மட்டும் நான் "கொஞ்சமாக" என்றுகூடச் சொல்வதில்லை. நன்றாக உப்பேறிய கருவாட்டில் 25 கிராம் துண்டே ஒரு நாள் சோடியத்தின் பெரும்பகுதியைக் கொண்டுவந்துவிடும். வெந்நீரில் ஊற வைத்துக் கழுவினால் குறையும், ஆனால் எவ்வளவு குறைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் வற்றியதால் புரதமும் பாஸ்பரஸும் எடைக்கு எடை பச்சை மீனைவிட மிக அதிகம். இலங்கைப் பக்கச் சமையலில் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசிக் கருவாட்டுக்கும் இதே கதை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் விலை ஏறும்போது வீட்டில் பானையிலிருந்து கருவாடு இறங்கும். அந்த 61 நாளைக்கு இப்போதே யோசித்து வையுங்கள். நாட்டுப் படகில் வருகிற மீன், வளர்ப்பு மீன், அதுவும் இல்லாத நாளில் முட்டை.

உப்புக்குப் பதிலாக இந்துப்பு போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். இந்துப்பும் ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடுதான். சிறுநீரகத்துக்கு நல்லது என்று நம்பிக் கூடுதலாகப் போடுவதுதான் மிச்சம். "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பது இன்னும் மோசம். சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். 5.3 இருக்கிறவருக்கு அது நேராக இதயத்துக்கு ஆபத்து. சாதாரண அயோடின் உப்பு, கொஞ்சமாக, அவ்வளவே.

சர்க்கரை இருக்கிறவர் என்பதால் இன்னொன்று. ரோகு, கட்லா போன்ற கெண்டை இன மீன்களின் பித்தப்பையைப் பச்சையாக விழுங்கினால் சர்க்கரை குறையும் என்று சொல்லித்தர ஆள் இருக்கிறது. நல்ல சிறுநீரகத்தோடு விழுங்கியவர்களே சில நாளில் சிறுநீர் வராமல் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. குளத்து மீனை ஆயும்போது பித்தப்பை உடையாமல் எடுத்து எறிந்துவிடச் சொல்லுங்கள்.

பின்னால் டயாலிசிஸ் வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். ஒவ்வொரு முறை ரத்தம் சுத்திகரிக்கும்போதும் 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்கள் வெளியே போகின்றன. அப்போது ஒரு கிலோ எடைக்கு 1.0 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும், 60 கிலோவுக்கு 60 முதல் 72 கிராம். தினமும் மீன் சாப்பிடச் சொல்வோம். பழைய பயத்திலேயே பாதிச் சாப்பாட்டில் நின்றுவிடுகிறவர்கள்தான் அங்கே சீக்கிரம் தளர்கிறார்கள். பாஸ்பரஸ் உடம்பில் சேராமல் தடுக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அதை மீன் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும், இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பயனில்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு நன்றாக வெந்த மீன் மட்டும், பச்சை மீன் உணவுகள் எதுவும் ஆகாது.

இந்த வாரம் இரண்டு நாள் 65 கிராம் வீதம் தொடங்குங்கள். தொடங்கும் முன் இந்தக் கணக்கை உங்கள் டாக்டரிடமோ உணவியல் நிபுணரிடமோ காட்டிவிடுங்கள், பொட்டாசியம் 5.3-க்கு மருந்து மாற்றுவதாக இருந்தால் அவர் சொல்வார். நான்கு வாரம் கழித்துப் பொட்டாசியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின் மூன்றையும் பாருங்கள், வாரம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில் எடையைக் குறித்து வையுங்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரவு மீனோ கறியோ வேண்டாம். சமைத்த அசைவம் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குக் கிரியாட்டினின் தற்காலிகமாகக் கூடிக் காட்டும், அதைப் பார்த்து மறுபடியும் மீனை நிறுத்திவிடுவீர்கள். 12 மணி நேர இடைவெளி விட்டால் சரியாக இருக்கும்.